சாக்பீஸ் ஒன்று வாங்கி வையுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பட்டறை மேசையில் பரப்பிவைத்துப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வி: எதை மாட்டினால் வண்டி பறக்கும்? டீ கொண்டுவந்த பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் ஒரே பதிலை எழுதி ஜெராக்ஸ் போட்டு அனுப்பிடலாமுங்களே" என்றான். ஆனால் ஈரோட்டுத் தம்பியின் வண்டி வேறு, துபாய்க்காரர் வண்டி வேறு. ஈரோட்டுக்காரர் விவரமாக எழுதியிருக்கிறார், அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: 2015 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, இரண்டாவது ஓனராக வாங்கியிருக்கிறேன். 82,000 கிமீ ஓடியது. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் திருத்தம்), கோல்டு ஏர் இன்டேக் (குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாய்), டவுன்பைப் (டர்போவுக்குப் பின்னாலுள்ள புகைக்குழாய்), 17 இன்ச் அலாய் சக்கரம், இவற்றில் எதில் ஆரம்பிக்கலாம்? மாதம் இரண்டு முறை வால்பாறையோ கொல்லிமலையோ போவேன். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டவும் ஆசை. (ஈரோடு வாசகர்)

பதில்: தம்பி, நாலு சாமான் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்துகிற சாமான் அதில் ஒன்றுகூட இல்லை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது இன்ஜின் பாடுபடும். இறங்கும்போது யார் பாடுபடுவது?

1994-ல் எனக்கு 28 வயது. கார்புரேட்டர் வைத்த பழைய செடான் ஒன்று வைத்திருந்தேன். ஹெட்டை ஸ்கிம் பண்ணி, ஜெட் மாற்றி, லேத்துக்காரரோடு இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஹெட்டர் பைப் (இன்ஜினிலிருந்து புகையை எடுக்கும் குழாய்) வளைத்து வெல்டு வைத்து, வண்டி சும்மா சீறிக்கொண்டு போகும். மச்சானை ஏற்றிக்கொண்டு வால்பாறை போனேன். ஏறும்போது அவர் ஆஹா ஓஹோ என்றார். இறங்கும்போது, 9-வது வளைவில் ஆழியாறு அணையைப் பார்க்க எல்லோரும் நிறுத்துவார்களே, அதற்கு நாலைந்து வளைவு மேலேயே லைனிங் கருகும் வாசனை வந்தது. பொருட்படுத்தவில்லை. அடுத்த வளைவில் பெடலை மிதித்தேன், பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி தரையோடு போய்விட்டது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினேன். ஃபெண்டர் போனது, நாங்கள் போகவில்லை. மச்சான் இன்றைக்கும் என் வண்டியில் பின் சீட்டில்தான் உட்காருவார்.

பட்டறைக்கு வந்து நிப்பிளைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. இன்ஜினுக்கு அத்தனை செய்தவன் இதை மறந்துவிட்டேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ஹோஸ் வழியாக, சீல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் ஏறும். டாட் 4 ரகத்துக்குத் தரநிர்ணயம் சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் அது 155. டாட் 3 என்றால் 205-லிருந்து 140. மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் (பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) அந்த ஆயில் கொதித்தால் நீராவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் பலமெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேட் அசையாது. அன்றைக்கு எனக்கு நடந்தது இதுதான். இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வந்தேன், சின்ன கியரில் போட்டு இன்ஜினையே வேகத்தைக் குறைக்க வைக்கும் இன்ஜின் பிரேக்கிங் எடுக்கவில்லை.

ஆகவே முதல் செலவு நாலு சக்கரத்துக்கும் புது டாட் 4, முடிந்தால் டாட் 5.1 (புதிதில் 260, ஈரமேறினால் 180). டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கும், அது சிலிகான், உங்கள் வண்டிக்கு ஆகாது, கலக்கவும் கூடாது. கடைப்பையன் பெயர் குழம்பி அதை எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் முன் டிஸ்க்குக்கு நல்ல பேட். ரேஸ் பேட் வேண்டாம். அது சூடானால்தான் பிடிக்கும். காலையில் பால் வாங்கப் போகும்போது குளிர்ந்த ரேஸ் பேட் வழுக்கும். சாலைக்கும் மலைக்கும் பொதுவான ரகம் கேட்டு வாங்குங்கள். போட்டபின் காலி ரோட்டில் 70-லிருந்து 10 வரைக்கும், முழுதாக நிறுத்தாமல், எட்டு பத்து முறை பிரேக் பிடித்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகட்டும். உங்கள் வண்டிக்குப் பின்னால் டிரம்தான். அதை டிஸ்க்காக மாற்றலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள். நிற்கும்போது பாரமெல்லாம் முன்னால்தான் வந்து விழும், டிரம் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சின்னக் கணக்கு. 100-ல் போகும் வண்டி 120-ல் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடுதல். பிரேக் விழுங்க வேண்டிய சூடு 44 சதவீதம் கூடுதல், வேகத்தின் வர்க்கம் அது. கரி டிராக் 2.1 கிமீதான், நேர்சாலையெல்லாம் குட்டை. பிரேக் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இரண்டாவது டயர். முதலில் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதன் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் டிரெட் (ரோட்டில் படும் மேல்பகுதி) பளபளவென்று இருக்கும், டயருக்கு ஏழு வயதாகியிருக்கும். வயதான ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகி ஈர ரோட்டில் காலை வாரும். உங்கள் வண்டியின் 185/60 ஆர்15 அளவு டயருக்குப் பதிலாக, அதே ரிம்மில், நல்ல கம்பெனியின் 195/55 ஆர்15 உட்காரும். விட்டம் சுமார் 7.5 மிமீ குறையும், ஸ்பீடோ ஒரு சதவீதம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். நாலு டயர் ₹30,000-ஐச் சுற்றி வரும். உங்கள் பட்டியலில் உள்ள எதுவும் இந்தப் பணத்துக்கு இவ்வளவு வித்தியாசம் தராது.

டயர் போட்டபின் ஒரு சாக்பீஸ் வாங்குங்கள். இது நான் பையனாக இருந்தபோது கற்றது. எண்பதுகளில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். ஹெல்பராகப் போவேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அப்புறம் நம்ம கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். எல்லோருக்கும் ஒரே சின்ன இன்ஜின், அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஜெயிக்கிறவன் டயர் காற்றிலும் பிரேக் பிடிக்கும் இடத்திலும்தான் ஜெயிப்பான். டிரெட் முடிந்து சுவர் ஆரம்பிக்கும் தோள்பட்டையில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். நாலு ரவுண்டு ஓடிவிட்டு வந்து பாருங்கள். கோடு தோளைத் தாண்டிச் சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. டிரெட்டின் ஓரத்தில்கூட அழியாமல் இருந்தால் காற்று அதிகம். ஒரு சமயத்தில் 2 பிஎஸ்ஐ மட்டும் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். ஐந்து ரூபாய் சாமான், ஆனால் பொய் சொல்லாது.

டயரும் பிரேக்கும் ஆனபின், ரீமேப்புக்கு முன்னால், இன்ஜின் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஷன், பிளக், காயில், டர்போ ஹோஸில் எங்காவது கசிவு, இன்ஜின் மவுன்ட், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர். 82,000 கிமீ ஓடிய வண்டியில் இவற்றில் ஒன்றிரண்டாவது தேய்ந்திருக்கும். புது ஷாக்கும் புஷ்ஷும் போட்டுவிட்டு ஒரு அலைன்மென்ட் பார்த்தால், ஐந்தில் மூன்று பேர் "அண்ணா, ரீமேப் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அப்படியும் வேண்டும் என்றால் சரி. ரீமேப் என்பது டர்போ எவ்வளவு காற்றை அழுத்தலாம், பிளக் எப்போது பொறி விட வேண்டும், எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டரில் எழுதியிருக்கும் அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது. உங்கள் வண்டி கம்பெனிக் கணக்கில் 105 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). அதன் ஏழு கியர் டிஎஸ்ஜி (தானே கியர் மாற்றும் பெட்டி) உலர் கிளட்ச் ரகம், 250 நியூட்டன் மீட்டருக்கென்று வடிவமைத்தது. ட்யூனர் (ரீமேப் எழுதுகிறவர்) 220, 230 என்று சொன்னால் காகிதத்தில் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் அந்த 250 புதுக் கிளட்சுக்குச் சொன்னது. சிக்னலுக்குச் சிக்னல் அரை அடி அரை அடியாக ஊர்ந்து பத்து வருடம் தேய்ந்த கிளட்சுக்கு யார் கணக்குச் சொல்வது? முதலில் கியர்பாக்ஸை ஸ்கேனரில் மாட்டி, கிளட்ச் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள்.

ட்யூனரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தப் பெட்ரோலுக்கு எழுதிய மேப்? 95 ஆக்டேனுக்கு (நாக்கிங்கைத் தாங்கும் பெட்ரோலின் அளவு) எழுதியதை வைத்துக்கொண்டு மலை மேல் கிடைத்ததை ஊற்றினால் நாக்கிங் வரும், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்குகிற சத்தம். சென்சார் அதைக் கேட்டுப் பொறியைத் தாமதமாக்கும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே போய்விடும். இரண்டாவது, அதே டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்), அதே நாளில், முன்னும் பின்னும் ஓட்டிய கிராஃப் தருவாரா? வேறு ஊரில் வேறு வண்டி எடுத்த கிராஃப் கல்யாண ஆல்பம் மாதிரி, பார்க்க மட்டும்தான். மூன்றாவது, மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டி எடுத்த லாக் (சென்சார் பதிவு) தருவாரா? அதில் நாக், பூஸ்ட் (டர்போ அழுத்தம்), உள்ளே போகும் காற்றின் சூடு எல்லாம் இருக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்குங்க, ஓட்டிப் பாருங்க தெரியும்" என்றால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

மீதி மூன்றும் சுருக்கமாக. இன்டேக்: காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி 3 சதவீதம் கூடும், உண்மைதான். ஆனால் கடையில் 'கோல்டு ஏர்' என்று விற்பதில் பாதி, பானெட்டுக்குள் திறந்த ஃபில்டராக நின்று இன்ஜின் சூட்டையே குடிக்கும். கம்பெனி டப்பா முன் கிரில்லிலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது, அதில் சுத்தமான ஃபில்டர் போதும். டவுன்பைப்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டுப் போடுவது என்றால் என் பட்டறைப் பக்கம் வராதீர்கள். 17 இன்ச்: கனம் கூடும், சுவர் குட்டையாகும், மலை ரோட்டுக் குழியில் ரிம் வளையும். எந்த அலாய் வாங்கினாலும் நடுத்துளை அளவைக் கேளுங்கள், உங்கள் ஹப் 57.1 மிமீ. துளை பெரிதாக இருந்தால் சரியான ரிங் போட வேண்டும், இல்லாவிட்டால் 90-க்கு மேல் ஸ்டீயரிங் உதறும். நீங்கள் பேலன்சிங் கடையைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

ஒன்றரை லட்சத்தில் இவ்வளவும் செய்து மிச்சம் இருக்கும். அதை டிராக்கில் ஓட்டும் கட்டணத்துக்கு வையுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை. 2014 டொயோட்டா ஜிடி86 மேனுவல் வைத்திருக்கிறேன். 4,000 ஆர்பிஎம் பக்கம் வண்டி மூச்சுத் திணறுகிறது. டர்போ கிட் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா? (துபாயிலிருந்து, சொந்த ஊர் காரைக்குடி)

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். அந்தக் காரைக் கட்டியவர்கள் வேண்டுமென்றேதான் பவரைக் குறைவாக வைத்தார்கள். 2 லிட்டர், 200 பிஎஸ், 205 நியூட்டன் மீட்டர். இன்ஜின் சுபாருவின் படுக்கை பாக்ஸர் (சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் ரகம்). அதற்குப் போட்டுவிட்ட டயரோ 215/45 ஆர்17, ஹைப்ரிட் கார் ப்ரியஸுக்குப் போகிற அதே ரகம். மைலேஜ் டயர்! வண்டி குறைந்த வேகத்திலேயே லேசாக வழுக்கட்டும், ஓட்டுகிறவன் சந்தோஷப்படட்டும் என்று. ஆகவே அதிகப் பிடிப்புள்ள டயர் போட்டால் வண்டி வேகமாகும், குறும்பு கொஞ்சம் போய்விடும். உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். சிலர் ஒட்டுகிற டயரைப் போட்டுவிட்டு, மறுபடி வண்டி நகரவில்லை, பவர் போதவில்லை என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சுழலுக்கு முடிவே கிடையாது.

மூச்சுத் திணறல் உங்கள் வண்டிக் கோளாறு இல்லை, அந்த இன்ஜினுக்கே உள்ளது. டார்க் கிராஃபைப் பார்த்தால் 3,500-க்கும் 4,500-க்கும் நடுவே ஒட்டகத்தின் இரண்டு திமிலுக்கு நடுவே இருக்கிற மாதிரி ஒரு பள்ளம் தெரியும். அதை நிரப்ப டர்போ தேவையில்லை. ஹெட்டரை மாற்றி, அதற்கேற்ற ட்யூன் போட்டால் பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிடும். ட்யூனை உங்கள் ஊர் சூப்பர் 98 பெட்ரோலுக்கு எழுதச் சொல்லுங்கள். உச்சத்தில் கிடைக்கும் எண் சொற்பம்தான், ஆனால் இரண்டாவது கியரில் வளைவை விட்டு வெளியே வரும்போது சிரிப்பு வரும்.

டர்போவைப் பற்றி: அந்த இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 12.5-க்கு 1. அது டர்போவுக்கென்று பிறந்த எண் இல்லை. குறைந்த பூஸ்ட்டில், கவனமாக ட்யூன் செய்து, பலர் ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் மத்தியானம் துபாய்க் காற்று 45 டிகிரி. டர்போ சூடாக்கிய காற்றை ஆற்றும் இன்டர்கூலர் வேலை செய்வதற்கு வெளிக்காற்று குளிராக இருக்க வேண்டாமா? தவறுக்கு இடமே மிச்சமில்லாத ஒரு இன்ஜினை, தவறுக்கு இடம் தராத ஒரு ஊரில் வைத்துக்கொண்டு விளையாடுகிறீர்கள். டர்போவுக்கு வைத்த காசில் ஒரு பங்கை எடுத்து, தெர்மோஸ்டாட் வைத்த ஆயில் கூலர் முதலில் போடுங்கள். துபாய் ஆட்டோட்ரோம் டிராக்கில் ஐந்து ரவுண்டுக்கு மேல் ஓட்டும் ஆள் என்றால் இது ஆடம்பரம் இல்லை. ஆயில் டெம்பரேச்சர் மீட்டரும் வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் தண்ணீர் முள் நடுவில் நின்றபடியே இருக்கும், ஆயில் கொதிப்பது அதற்குத் தெரியாது.

கேள்வி: புது ஃபோக்ஸ்வாகன் வெர்டஸ் ஜிடி 1.5 டிஎஸ்ஜி. வாரன்டி இருக்கிறது. ரீமேப் செய்தால் வாரன்டி போய்விடும் என்பதால் ட்யூனிங் பாக்ஸ் மாட்டலாம் என்று இருக்கிறேன். சர்வீஸுக்கு முன் கழற்றிவிடலாமே? (சென்னை வாசகர்)

பதில்: கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. உங்கள் இன்ஜின் தருவது 250 நியூட்டன் மீட்டர். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஏழு கியர் பெட்டியின் எல்லையும் 250. மேலே ஈரோட்டுத் தம்பிக்குச் சொன்னேனே, அதே ரகம்தான். அவருக்காவது நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. உங்களுக்குக் கம்பெனியே விளிம்பு வரைக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறது. மேலே ஒரு சொட்டு ஊற்றினாலும் கிளட்ச் மேல்தான் வழியும்.

பாக்ஸ் என்ன செய்கிறது? சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்கிறது. பூஸ்ட் 1.2 பார் இருந்தால் 1.0 என்று சொல்லும், கம்ப்யூட்டர் நம்பி இன்னும் அழுத்தும். கழற்றிவிடலாம்தான். ஆனால் மாட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்: கிளட்ச் தேய்ந்து போய் நின்றால், பாக்ஸைக் கழற்றி வீட்டு அலமாரியில் ஒளித்துவிட்டு ஷோரூம்காரர் முகத்தைப் பார்த்து, "ஒண்ணுமே பண்ணலைங்க" என்று சொல்ல வேண்டும். உங்களால் முடியுமோ என்னவோ. 150 பிஎஸ் வண்டியை வாரன்டி முடியும் வரைக்கும் அப்படியே ஓட்டுங்கள். டயர் மட்டும் தேய்ந்ததும் நல்லதாகப் போடுங்கள்.

கேள்வி: 2003 ஹோண்டா சிட்டி விடெக். சைலன்சரை இரண்டரை இன்ச் ஃப்ரீ ஃப்ளோவாக மாற்றினேன். சத்தம் அருமை. ஆனால் ஏற்காடு ஏறும்போது முன்பு இருந்த புல்லிங் இல்லை. 'பேக் பிரஷர் போய்விட்டது' என்கிறார் மெக்கானிக். (சேலம் வாசகர்)

பதில்: ஆஹா, 106 பிஎஸ் விடெக்! அந்த வண்டியைப் பார்த்தால் நான் எழுந்து நின்று வழி விடுவேன்.

மெக்கானிக் சொன்ன முடிவு சரி, காரணம் தவறு. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை, அது அடைப்பு, அவ்வளவுதான். தேவைப்படுவது புகையின் வேகம். ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாக வெளியே ஓடும் புகை, தன் பின்னால் ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு போகும். அந்த உறிஞ்சல் அடுத்த சிலிண்டரின் புகையையும் வெளியே இழுக்கும், புதுக்காற்றும் நிறைய உள்ளே வரும். குழாய் அகலமானால் புகை சோம்பி நடக்கும். வாய்க்கால் தண்ணீரை ஏரியில் விட்ட மாதிரி. 6,000-க்கு மேல் புகை நிறைய வரும்போது அகலக் குழாய்க்கு வேலை உண்டு. ஏற்காடு மலையில் நீங்கள் 2,500-லிருந்து 4,000 வரைக்கும்தான் ஓட்டுகிறீர்கள், அங்கே நஷ்டம். டர்போ வண்டிக்காரன் பெரிய குழாய் போடுகிறானே என்று பார்த்துப் போட்டிருப்பீர்கள். அவனுக்கு டர்போவுக்குப் பின்னால் எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்களுக்கு அது பொருந்தாது. இரண்டு இன்ச்சுக்குத் திரும்புங்கள், பழைய சைலன்சரைத் தூக்கிப் போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: இதெல்லாம் சட்டப்படி செல்லுமா? போலீஸ் பிடித்தால்? (திருச்சி வாசகர்)

பதில்: நான் வக்கீல் இல்லை. ஆனால் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பதைச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் மாற்றும் ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ₹5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். சத்தம், புகை விதிகளை மீறினால் 190-ஆம் பிரிவு, ₹10,000 வரை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும்.

நல்ல பேட், நல்ல பிரேக் ஆயில், அனுமதித்த அளவில் நல்ல டயர், தேய்ந்ததற்குப் பதில் புது ஷாக், இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். நான் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். போலீஸைவிடப் பெரிய தலைவலி இன்ஷூரன்ஸ். சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்தில் சர்வேயர் வந்து பானெட்டைத் திறந்து பார்க்கும் அந்த ஐந்து நிமிடம் இருக்கிறதே, நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஓனர் முகம் வெளிறிப் போகும். மாற்றுகிறவர்கள் எழுத்தில் தெரிவித்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: டர்போ வண்டியில் 'புஸ்ஸ்' என்று சத்தம் வர ப்ளோ ஆஃப் வால்வு (டர்போவில் மிஞ்சும் காற்றை வெளியே விடுவது) போட்டால் பிக்கப் கூடுமா? (மதுரை வாசகர்)

பதில்: கூடாது. காற்றை அளக்கும் சென்சார் டர்போவுக்கு முன்னால் இருக்கும் வண்டியில், அளந்த காற்றை நீங்கள் வெளியே விட்டுவிடுகிறீர்கள். கம்ப்யூட்டர் அது உள்ளேதான் இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோல் தெளிக்கும். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி ஒரு முறை குலுங்கி, கறுப்பாகத் துப்பும். சத்தம்தான் வேண்டுமென்றால் பிரஷர் குக்கர் விசில் இருக்கிறது, செலவும் குறைவு.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ஸ்விஃப்ட் வாங்கிக் கொடுத்தோம். கரி டிராக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் எக்ஸாஸ்ட் மாற்றிக் கொடுக்கலாம் என்கிறார். முதலில் என்ன மாட்டுவது? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: ஒன்றும் மாட்ட வேண்டாங்கம்மா. முதல் ஐந்து முறை எதையும் மாற்றாமல் ஓட்டட்டும். எந்த சாமான் மாட்டினாலும் ரவுண்டுக்கு அரை செகண்டு குறைந்தால் அதிகம். பக்கத்தில் ஒரு நல்ல பயிற்சியாளர் உட்கார்ந்து, "பிரேக்கை இன்னும் பத்தடி தள்ளிப் பிடி, பார்வையை வளைவுக்கு அந்தப் பக்கம் வை" என்று சொன்னால் ஐந்து செகண்டு குறையும். சீட்டை முன்னால் இழுத்து, மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல்விளிம்பில் படுகிற மாதிரி உட்காரச் சொல்லுங்கள். நம் ஊரில் எல்லோரும் ஈஸிசேர் மாதிரி சாய்ந்துகொண்டு ஓட்டுகிறோம். தனக்கு அளவான ஹெல்மெட் ஒன்று வாங்கட்டும், இரவல் வேண்டாம். புது பிரேக் ஆயில், டயரில் சரியான காற்று, வீல் நட்டை டார்க் ரெஞ்சில் (அளவு பார்த்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, முதல் சுற்று ஓடி வந்ததும் இன்னொரு முறை சரிபார்ப்பது. ரவுண்டு முடிந்ததும் சூடாக இருக்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக் போடக் கூடாது, கியரில் நிறுத்தி, டயருக்குக் கட்டை வைக்கட்டும்.

கிளம்புவதற்கு முன் வண்டியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, தண்ணீர் பாட்டில், கால்மிதி எல்லாம் இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரையும்தான். வளைவில் கழன்று உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் அவரே நினைத்தாலும் காப்பாற்ற முடியாது. அன்றைக்கு ஒரு நாள் பூஜை அறையில் இருக்கட்டும்.